குதிரைப் படமும் இருட்டுப் படமும்

“படம்னா அதுதான்யா படம்! வாள் ஒரு கையில, கடிவாளம் ஒரு கையில. பொண்ணை அப்படியே அள்ளிச் சேணத்துல போட்டுக்கிட்டுப் பறந்தான் பாரு, விசிலடிச்சே எனக்கு வாய் வலிக்குது! அடுத்ததா ஒண்ணு போட்டானுங்களே, ஒரே இருட்டு. பொண்ணு அழுறா, அழுறா, அழுதுக்கிட்டே இருக்கா. என் ஆட்டுக்கொட்டகையில இதைவிட வெளிச்சம் ஜாஸ்தி!”

குரல் கசாப்புக்காரர் குபாத்துடையது. பேசியது மீரிம்.

இல்லாத தொப்பையைத் தள்ளி, இல்லாத மீசையை முறுக்கி, திரையரங்கத்து வாசற்படியில் நின்று அவள் அடித்த கூத்தில் தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

சட்டென்று சிரிப்பு நின்றது. மீரிம் திரும்பினாள்.

பின்னால் குபாத். இடுப்பில் கத்தி உறை.

“நல்லா பேசுற” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. விறுவிறுவென்று ஜீப்பை நோக்கிப் போனார்.

“அந்த ஆளை விடு மீரிம்” என்றான் நூலகத்தில் வேலை பார்க்கும் எமில். “அவருக்கெல்லாம் குதிரைப் படம்தான் லாயக்கு. ரெண்டாவது படத்துல அந்தப் பொண்ணைக் கார்ல கடத்திட்டுப் போய், தலையில வெள்ளைத் துணியைப் போட்டு, ‘இனி நீ இந்த வீட்டு மருமக’ன்னாங்களே... என்னால தாங்க முடியல. ஆம்பளையாப் பொறந்ததுக்கே வெக்கமா இருக்கு.”

கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டான்.

இவன் குரலில் மட்டும் பேசிக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நல்லவன்.

“கடைசி வேனும் போயிருச்சு. உங்க ஊரைத் தாண்டித்தான் போறேன். ஏறிக்கோ.”

அவன் காரில் ஏறிக்கொண்டாள்.

பனி கொட்டியது. நரின் ஊரெல்லை தாண்டியதும் பின்னால் இரண்டு விளக்குகள் தெரிந்தன. எமில் வேகம் கூட்டினால் அவையும் வேகம் கூட்டின. குறைத்தால் குறைந்தன.

“அண்ணா... அது குபாத்தோட ஜீப்!”

“வரட்டும். பயப்படாதே, நான் இருக்கேன்ல?” எமில் சிரித்தான். “படம் பார்த்த சூட்டுல உன்னையும் அள்ளிச் சேணத்துல போட வர்றார் போல.”

மீரிம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கத்தி உறை கண்ணுக்குள்ளேயே நின்றது. அம்மாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. ஊரில் அத்தனை பேர் குரலையும் பேசுகிற வாயில் இப்போது சொந்தக் குரலே எழும்பவில்லை.

ஒரு பெட்ரோல் பங்க் கடந்து போயிற்று.

“அண்ணா, எங்க ஊர்த் திருப்பம் போயிருச்சே!”

“அந்த ஆள் பின்னாடியே வர்றப்ப உன்னைத் தனியா இறக்கிவிடச் சொல்றியா? எங்க வீட்டுல கொஞ்ச நேரம் இரு. அம்மா இருக்காங்க.”

அம்மா என்றதும் அவளுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

அதற்குள் ஜீப் உறுமிக்கொண்டு முந்தியது. சாலைக்குக் குறுக்கே நின்றது. குபாத் இறங்கி நடந்து வந்தார். கோட்டெல்லாம் பனி.

எமில் கண்ணாடியை இறக்கினான். “என்னண்ணே, நடுவழியில மறிக்கிறீங்க? வீட்டுக்கே வந்துர வேண்டியதுதானே?”

குபாத் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றி வந்து மீரிம் பக்கத்துக் கதவைப் பிடுங்கித் திறந்தார்.

“அண்ணே, விளையாட்டுக்குப் பேசிட்டேண்ணே! மன்னிச்சிருங்க! என்னைத் தூக்கிட்டுப் போயிராதீங்க!” எமிலின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

குபாத் கையைத் தூக்கவில்லை. அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். குரல் தாழ்ந்து வந்தது.

“தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு இவன் வீட்டுல ஆடு அறுக்க என்னை வரச்சொல்லியிருக்காங்க. மருமக வர்றாளாம், வெள்ளைத் துணிகூட எடுத்து வச்சாச்சாம். அந்த மருமக நீதான்னு உனக்குத் தெரியுமா?”