முப்பத்தொன்றாவது வீடு

எட்டுவழிச்சாலை மேல்வயலூர் வழியாகப் போகலாமா என்று முடிவுசெய்யக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இப்போதெல்லாம் யாரும் பேச வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் போன் பழக்கத்தைப் பார்த்து, அதன் மனதை இயந்திரமே சொல்லிவிடும். பாதிக்கு மேல் சம்மதம் என்றால் சாலை வரும்.

அறுபத்தொரு வீடுகளில் முப்பத்தொன்றுக்குச் சம்மதம் என்று திரை காட்டியது. முப்பத்தொன்றாவது, பச்சையம்மாவின் வீடு. இரண்டு வருடமாகச் சாலைக்கு எதிரான போராட்டத்தை முன்னின்று நடத்தியவளே அவள்தான்.

"தப்பா காட்டுது சார்," என்றாள்.

"தப்பில்லம்மா. உங்க வீட்டுக்காரர் ஓசூர்ல விலைக்கு வந்த ஒரு வீட்டை எட்டு மாசமா தெனம் போன்ல பார்த்திருக்காரு," என்றார் அதிகாரி. "வேணும்னா அவரே வாயால மாத்திச் சொல்லலாம்."

பக்கத்தில் கறுப்புக்கொடியோடு நின்ற அவள் கணவர் ஏகாம்பரம் தலைகுனிந்தார்.

"நெசமாவா?" என்று கேட்டாள்.

"கெணறு வத்தி ஆறு வருசமாச்சு. நீ கொடி புடிச்சு நிக்கும்போது உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

பச்சையம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டவள், இவரிடம் மட்டும் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. மைக்கை அவரிடம் நீட்டினாள்.

"எனக்காகச் சொல்லாதீங்க. உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

அவர் மைக்கை வாங்கிக்கொண்டு, எதிரே நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்தார்.

"ரோடு வேணாம் சார். வேணாம்னு நிக்கற முப்பது குடும்பம் இங்கதான் பொழைக்கணும்."

சாலை ஊரைவிட்டு விலகிப்போனது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பச்சையம்மா வீட்டுக்கு வந்து கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஓசூர் வீட்டைக் காட்டுங்க, பார்ப்போம்," என்றாள்.