நாள் தவறாத புகார்

"அங்கிள், உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

கேட்டேவிட்டேன். எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது?

தனசேகரன் அங்கிள் கீழ்த்தளக் கல்மேசையில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எதையோ என்ன எதையோ, புகார்தான்! எங்கள் பூன் லே அடுக்குமாடி புளோக்கில் இது எல்லாருக்கும் தெரியும். படியில் ஒரு டிஷ்யூ கிடந்தால் போதும், படத்தோடு அரசாங்கச் செயலியில் ஏற்றிவிடுவார்.

"என்ன இளமதி, காலையிலேயே சூடா இருக்கே?"

"சூடாகாம? அழகர்சாமி ஊர்ல பொண்டாட்டி புள்ளைங்களை விட்டுட்டு சிங்கப்பூருக்கு வந்து, ஒத்தை ஆளா நாலு புளோக் கூட்டுறாரு. நீங்க உட்கார்ந்த இடத்துல தட்டுறீங்க, சூப்பர்வைசர் வந்து அவரைக் காய்ச்சுறான். நேத்து என் கண்ணால பார்த்தேன்!"

"காய்ச்சினானா? அப்ப புகார் மேலே போய்ச் சேர்ந்திருக்குலா" என்றார், சந்தோஷமாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனுஷன் இவர்!

"வேலை பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிட்டா அவர் குடும்பத்துக்கு நீங்களா சோறு போடுவீங்க? நானும் இங்கதான் இருக்கேன். எங்க மாடிப் படிக்கட்டுல நாத்தம் தாங்கலை. பாவம்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறேன். ஒரு தடவையாவது புகார் போட்டிருப்பேனா?"

"போடலையே. அதாம்மா வினையே."

"என்னது?"

"முன்னாடி இங்க மூணு பேர் கூட்டினாங்க, ஞாபகம் இருக்கா? புகாரே வரலை, கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையா இருக்கு, ஒரு ஆள் போதும்னு கம்பெனி ரெண்டு பேரைத் தூக்கிடுச்சு. இவர் வாயைத் திறந்து முடியலைன்னு சொன்னா அடுத்த பிளைட்தான். குடியிருக்கிற நாம சொன்னாத்தான் அந்த மெஷினுக்குக் காது கேட்குது."

"ஆள் பத்தலைன்னு எழுத வேண்டியதுதானே? குப்பையை எதுக்குப் படம் புடிச்சுப் போடுறீங்க?"

"எழுதினேன்லா. 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ஒரு பதிலை அனுப்பிட்டு மூடிட்டாங்க. படம் போட்டாத்தான் அசையுறாங்க. அவர் பேரை நான் எழுதுறதே இல்லை. 'ஒரே ஆள், நாலு புளோக்'னு மட்டும்தான் எழுதுறேன்."

"அதுக்காகக் குப்பை எங்கன்னு தேடிக்கிட்டு மாடி மாடியா ஏறுவீங்களாக்கும்?"

"என் முட்டியை வச்சுக்கிட்டா? நான் எங்கம்மா ஏறுறேன்!"

பின்னே படத்தை யார் எடுக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வாளியும் துடைப்பமுமாக அழகர்சாமியே வந்துவிட்டார். இடுப்பில் ஒரு கை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

சூப்பர்வைசர் இருக்கிறானா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அங்கிளிடம் நீட்டினார்.

"இன்னிக்குப் பத்தாவது மாடி, சார். நல்லாத் தெளிவா விழுந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன், படிக்கட்டுக் குப்பையின் படம். அவர் தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்க மாடிப் படமும் இதுல இருக்கு. நீங்களும் ஒண்ணு போடுங்களேன். கொஞ்சம் கோபமா எழுதுங்கக்கா."