பின்னால் வருகிறவர்களுக்காக

"நக்கோ கௌஷிக், வேணாம். இந்த கம்ப்ளெயின்ட் எல்லாம் நக்கோ. அவர் கால் சரியானா போதும்" என்றாள் உஷா.

கௌஷிக் கேட்கிறவனாக இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சாலைத் துறைக்குப் புகார்க் கடிதம் அடித்துக்கொண்டிருந்தான். கட்டிலில் உஷாவின் கணவன் பிரசன்னா, வலது காலில் இரும்புக் கம்பிகளோடு மருந்து மயக்கத்தில் தூங்கினான். பாதத்தில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

கௌஷிக்குக்கும் பிரசன்னாவுக்கும் மாதாப்பூரில் ஒரே கம்பெனி. ஞாயிறானால் பைக்கை எடுத்துக்கொண்டு காடு மலையென்று கிளம்பும் இருபது பேர் குழுவுக்கு கௌஷிக்தான் தலைவன். அவனிடம் சட்டதிட்டம் அதிகம். ஹெல்மெட் வாரைக் கட்டாதவனைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியிருக்கிறான். அப்படிப்பட்டவன் வாய்தான், நல்லமலைக் காட்டுச் சாலையைப் பார்த்துவிட்டு வந்து, "ரோடு வெண்ணெய் மாதிரி இருக்குடா, கண்ணை மூடிட்டுப் போ" என்று பிரசன்னாவிடம் சொல்லித் தொலைத்தது.

அடுத்த ஞாயிறு பிரசன்னா போனான். ஒரு வளைவைத் தாண்டியதும் சிறு பாலம் ஒன்று பாதி இடிந்து கிடந்தது. வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான்.

"அந்த வளைவு வரைக்கும் நானும் போனனுங்க உஷா. லேட்டாச்சுன்னு திரும்பிட்டேன். இன்னும் நூறடி போயிருந்தா பாலம் கண்ணுல பட்டிருக்கும்."

பத்து நாளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"உங்களை யாரும் குத்தம் சொல்லலையே. விடுங்க."

"எப்படிங்க விடறது? பாலம் இடிஞ்சு ஒரு மாசமாச்சாம். எச்சரிக்கை வெக்கறதுக்குன்னே அந்த ரோட்டுக்கு ஒரு ஆளு. யாதகிரியாம். தண்டச் சம்பளம் வாங்கறான். அவனை வேலையை விட்டுத் தூக்கினாத்தான் அடுத்தவன் காலாவது மிஞ்சும்."

"அந்த யாதகிரிதானே இவரைத் தோள்ல போட்டுக்கிட்டு நாலு கிலோமீட்டர் நடந்தான்? அங்க போன்கூட எடுக்காது. அவன் வரலைன்னா இவர் அந்தப் பள்ளத்துலயே..."

"தப்புப் பண்ணினவனுக்கு மனசு உறுத்தாதுங்களா? அதான் தூக்கிட்டு வந்திருக்கான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தான்.

"இன்னும் சரியாகலையா?"

"ரெண்டு வாரத்துக்கு மேலாச்சு. புடிச்சது விட மாட்டேங்குது."

கதவு லேசாகத் திறந்தது. வெயிலில் கறுத்த ஒரு மனிதர், துண்டில் கட்டிய சீதாப்பழங்களோடு உள்ளே வரத் தயங்கி நின்றார். உஷாவைப் பார்த்துக் கும்பிட்டார். அடையாளம் தெரிந்து அவள் எழுந்துகொண்டாள்.

"வாங்க யாதகிரி" என்று தெலுங்கில் கூப்பிட்டாள்.

கௌஷிக்கின் முகம் இறுகியது. "கம்ப்ளெயின்ட் வருதுன்னு தெரிஞ்சு, பழத்தைத் தூக்கிட்டு வந்துட்டானா?"

யாதகிரி பழங்களைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, பிரசன்னாவின் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கௌஷிக்கிடம் கைகூப்பி, மடமடவென்று ஏதோ சொன்னார். "ராள்ளு, முள்ள கம்ப பெட்டின சார்" என்று இரண்டு மூன்று முறை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷமாகியும் கௌஷிக்குக்குத் தெலுங்கு ஏறவில்லை.

"கும்பிட்டா ஆச்சா? நாங்க ரோடு பாக்கப் போன அன்னிக்கு அந்த வளைவுலயே போட்டோ எடுத்திருக்கோம். நெட்ல எங்க குரூப் பேஜ்ல இருக்கு. போர்டு உண்டா, கொடி உண்டா, அவனே பாத்துச் சொல்லட்டும். இதையும் சேத்துத்தான் ஆபீசுக்கு அனுப்பப் போறேன்."

டேட்டா கார்டைச் செருகிப் பக்கத்தைத் திறந்தான். லேப்டாப்பை யாதகிரியின் பக்கம் திருப்பினான். படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கீற்றாக இறங்கத் தொடங்கியது. முதலில் வானம். அப்புறம் மரங்கள்.

இதே ஊரில், சனத்நகரிலேயே பிறந்து தெலுங்கோடு வளர்ந்த உஷா, யாதகிரி சொன்னதைத் திரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள். "ஆபீஸ்ல போர்டு கேட்டாராம், வரலையாம். சிவப்புத் துணியும் தரலையாம்."

"சால்ஜாப்பு."

மரங்களுக்குக் கீழே அந்த வளைவு வந்தது.

"அதனால அவரே காட்டுலேர்ந்து பெரிய கல்லா உருட்டிட்டு வந்து, வளைவுல குறுக்கால அடுக்கினாராம். மேல முள்ளுக் கிளை வெட்டிப் போட்டாராம். வாரத்துக்கு ஒருதடவை வந்து பார்த்துட்டுப் போவாராம். கடைசியா வந்தப்போ கல்லு, முள்ளு ஒண்ணுமே இல்லையாம். யாரோ எடுத்துட்டாங்களாம். திரும்ப அடுக்கலாம்னு ஓடினப்போதான் பள்ளத்துலேர்ந்து இவர் குரல்..."

உஷா பாதியில் நிறுத்திவிட்டாள். யாதகிரி திரையில் விரலை வைத்துக் காட்டினார். கௌஷிக் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான்.

படம் முழுசாக இறங்கியிருந்தது. சாலையோரத்தில் முள்ளுக் கிளைகள் குவிந்து கிடக்க, நடுவில் ஒரு பெரிய கல்லை இடுப்போடு அணைத்துத் தூக்கியபடி கௌஷிக் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே அவனே எழுதிய வரி: "எந்த லாரிக்காரனோ ரிப்பேர் முடிஞ்சு விட்டுட்டுப் போன கல்லு. பின்னால வர்றவங்க விழக்கூடாதுன்னு, ஒண்ணு விடாம எடுத்துப் போட்டாச்சு!"