கொடுத்துவைத்தவள்

கதவு திறந்ததும் திறக்காததுமாக, மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. கன்னத்தோடு கன்னம் வைத்து, அம்மாவுக்காக நாளெல்லாம் ஏங்கிக் கிடந்த குழந்தைபோல ஆழமாக மூச்சை இழுத்தாள். இத்தனைக்கும் இருபது வயதுப் பெண்.

பின்னால் படியில் நின்ற மடிப்பக்காவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

அந்த அம்மாவுக்கும் இவளுக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, நிற்கிற மேஜைதான் பெயர். படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள் மடிப்பக்கா. எதிர் மேஜையில் துணி தேய்க்கிற அந்த அம்மா இஸ்திரி, இவளைவிட இளையவள். பொழுதன்றைக்கும் ஆவியில் வெந்து, காலிரண்டும் கனத்துப்போய்த்தான் வீடு திரும்புவார்கள்.

திரும்பி என்ன பயன்? மடிப்பக்கா வீட்டில் ஒரு மகன் இருக்கிறான், பனைமரம்போல் வளர்ந்தவன். அம்மா வந்தாளா, இல்லையா என்று போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு 'ம்'. சில நாள் அதுவும் கிடையாது. அவன் தன்னிடம் நாலு வார்த்தை முகம் பார்த்துப் பேசமாட்டானா என்பதுதான் அவளுக்கு இப்போது இருக்கிற ஒரே ஏக்கம்.

இஸ்திரியின் மகள் தினமும் வாசலிலேயே அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று, அதே தெருவிலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தி சொன்னபோது மடிப்பக்கா நம்பவில்லை. கண்ணால் பார்த்துவிடுவது, அந்தச் சூட்சுமத்தையும் கையோடு கேட்டுவிடுவது என்றுதான் இன்று கூடவே பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஒரு புதினா மிட்டாயை நீட்டினாள், தொண்டைக்கு இதமாக இருக்கட்டுமே என்று. இஸ்திரி வாங்கவில்லை. வீட்டுக்குப் போகிற நேரத்தில் வாயில் எதையும் போடுவதில்லை என்றாள். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்து மடிப்பக்கா அதைத் தானே சப்பிக்கொண்டு வந்தாள்.

ஒருவழியாக மகள் பிடியை விட்டாள். முகம் தெளிந்திருந்தது. வந்தவளை, "வாங்க பெரியம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். டீ போடுவதாகச் சொல்லி, அம்மாவின் தோளில் தொங்கிய பையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பையைக்கூடச் சுமக்கவிடாத பிள்ளை! மடிப்பக்காவுக்கு அழுகையே வந்துவிடும்போலிருந்தது.

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இஸ்திரி தரையில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். உள்ளே பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவைக்க எடுக்கிறாள்போல, இதெல்லாம் போன பிறவியில் செய்த புண்ணியம் என்று மடிப்பக்கா பெருமூச்சு விட்டாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டேவிட்டாள். "எனக்கும் ஒண்ணு வாச்சிருக்கே, உப்புக்குப் பெறாதது. நீ அப்படி என்னடி சொக்குப்பொடி போட்டே உன் மகளுக்கு? எந்தப் பொண்ணு இந்த வயசுல, தினம் தினம், அம்மாவ வாசல்லயே கட்டிக்கிறா?"

இஸ்திரி சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நான் குடிய விட்டுப் பத்து வருஷமாச்சுக்கா, அவ மோந்து பாக்கறத இன்னும் விடல."