இரண்டு பள்ளிகளில் இடம்

எட்டாவது முடித்த அனுசியாவுக்குத் தேர்வெழுதியதில் இரண்டு அரசுப் பள்ளிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, விடுதியில் தங்கிப் படிக்கும் மாதிரிப் பள்ளி. இன்னொன்று, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தென்காசிப் பள்ளி. எது என்று எழுதிக் கொடுக்க அன்றே கடைசி நாள்.

"விடுதிக்கே அனுப்பிருங்க டீச்சர்" என்றாள் அம்மா பேராச்சி. குற்றாலத்தில் லாட்ஜ் அறைகளைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

வகுப்பாசிரியை சண்முகப்பிரியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒத்தப் பிள்ளைய விட்டுட்டு இருந்துருவீங்களா?"

"அவதான் என்னை விட்டு இருக்கப் பழகணும்." பேராச்சி குரலைத் தாழ்த்தினாள். "எனக்குக் கேன்சர். அடுத்த சீசன் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. அவளுக்குத் தெரியவே கூடாது, டீச்சர்."

சண்முகப்பிரியா வாக்குக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் நின்ற அனுசியாவிடம் போனாள்.

"விடுதிப் பள்ளிக்கூடந்தான் உனக்கு நல்லது."

"வேண்டாம் மிஸ். தென்காசியே போதும்."

"ஏட்டி, ஏன் இப்படி அடம் பிடிக்க?"

அனுசியா உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அம்மை ஒளிச்சு வச்சிருந்த ரிப்போர்ட்ட படிச்சிட்டேன் மிஸ். இருக்கிற நாள் வரைக்கும் நான் கூட இருக்கணும். எனக்குத் தெரியும்னு சொல்லிராதீங்க, அவ தாங்க மாட்டா."

அதற்குள் பேராச்சியே எழுந்து வந்துவிட்டாள். "என்ன சொல்லுதா டீச்சர்?"

"மிஸ் எதச் சொன்னாலும் சரிம்மா" என்றாள் அனுசியா.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் பேராச்சி.

டீச்சர் தன் பக்கம்தான் என்று நம்பி இருவருமே சிரித்தார்கள். சண்முகப்பிரியா பேனாவைத் திறந்தாள். பள்ளியின் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது.