விசாரிக்க வந்தவர்

"றுகையா ராத்தா, உங்கட அம்ஹாவப் பத்தி ஒரு பொம்புள சந்திக் கடையில விசாரிச்சிட்டு, இப்ப உங்கட ஊட்டுக்குத்தான் வாறா!"

பக்கத்து வீட்டு முனவ்வறா மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். றுகையாவுக்குப் பகீரென்றது. கல்முனையில் முன்பின் தெரியாத ஒருத்தி, குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டைக் கேட்டுக்கொண்டு வருகிறாள் என்றால் வேறு எதற்கு? மாப்பிள்ளை வீட்டாரேதான்.

எல்லாம் இந்த மனிசனின் வேலை என்று நினைத்தாள். புருசன் அஹ்ஸன் இரண்டு நாளாகப் போனைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போய், ஒளித்து ஒளித்துக் கதைத்தது இதற்குத்தான்.

மகள் அம்ஹா ஏ.எல். என்னும் உயர்தரப் பரீட்சையை முடித்த கையோடு, புதிதாக வந்த ஒரு கணினிக் கொம்பனிக்கு விண்ணப்பித்திருந்தாள். வாரத்தில் நாலு நாள் மென்பொருள் வேலை, இரண்டு நாள் பல்கலைக்கழகப் படிப்பு. நாலு வருசத்தில் கையில் பட்டம். படிப்புச் செலவு கொம்பனியுடையது, அதற்கு மேல் சம்பளமும் உண்டு. பரீட்சையிலும் நேர்முகத்திலும் தேறிவிட்டாள். முடிவு மட்டும் வரவில்லை.

"சம்பளமும் தந்து, படிப்பிச்சும் விடுறானாம். எவன்கா இந்தக் காலத்துல சும்மா தருவான்? ஆள் புடிக்கிற வேல இது. நல்ல எடமா வந்தா நான் கலியாணத்த முடிச்சிருவன்" என்று அஹ்ஸன் போன வாரந்தான் கத்தினார்.

படிப்புப் பாதியில் நின்ற வலி றுகையாவுக்குத் தெரியும். ஏ.எல். சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நிக்காஹ் செய்து வைக்கப்பட்டவள் அவள். அந்தக் கதி தன் பிள்ளைக்கு வரவே கூடாது. நல்லவேளை, அம்ஹா பாண்டிருப்பில் கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தாள். அஹ்ஸனும் அஸர் தொழப் போனவர் இன்னும் வரவில்லை. அவர் வருவதற்குள் வந்தவளை விரட்டிவிட வேண்டும்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்ட பேர் ஸுஹைறா. அம்ஹாவப் பத்திக் கொஞ்சம் கதைக்க வந்தன். உங்கட அவர் செல்லியிரிப்பாரே?"

வாசலில் நின்றவளுக்குக் கறுப்பு அபாயா, தோளில் பெரிய பை, நாற்பது வயதிருக்கும்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். ஓம், ஓம், எல்லாம் தெரியும். இரிங்க" என்றாள் றுகையா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஸுஹைறா உட்கார்ந்ததுமே வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். "அம்ஹாக்கு எண்டு தனி அறை இரிக்கா?"

பார், வந்ததும் வராததுமாகச் சீதனமாகக் கிடைக்கப்போகிற வீட்டை அளக்கிறாள்! "தனி அறையெல்லாம் இல்ல. மழ பேஞ்சா முழு ஊடும் ஒழுகும்."

"வேற எங்கயும் பேச்சு நடக்குதா?"

"ஆரு கேக்கப்போறா இவள?"

ஸுஹைறா கொஞ்சம் தடுமாறினாள். "புள்ள வெள்ளென எழும்புவாவா?"

"பத்து மணியாகும். அதுவும் நான் தண்ணி தெளிச்சாத்தான்."

சுபஹுக்கு முன்பே எழும்பித் தொழுதுவிட்டுக் கணினி முன்னால் உட்காரும் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்ல றுகையாவின் நெஞ்சு பதறியது. யா அல்லாஹ், நீ மன்னி, இது அவளுடைய நல்லதுக்குத்தான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எடுத்த வேலய முடிக்கிற புள்ளதானே?"

"எங்க? தையல் பழகப் போய் மூணாம் நாள் விட்டிட்டா. ஆரோடயும் ஒத்துப்போகவும் மாட்டா. ஒண்டு சென்னா ஒம்பது கதைப்பா."

ஸுஹைறா பைக்குள் வைத்த கையை மெல்ல வெளியே எடுத்தாள். "உங்களுக்கு இதுல விருப்பம் இல்லப் போல?"

"துண்டா விருப்பமில்ல. அவருக்கிட்டக் கேக்காதீங்க, பெத்தவ நான் செல்றன்."

"நல்லது ராத்தா. உள்ளத உள்ளபடி சென்னீங்க. மத்தாக்கள் மூடி மறைப்பாங்க. சாய்ந்தமருதுல இன்னொரு புள்ள இரிக்கா. நாங்க அவங்களையே பாக்கிறம்."

"ஓம், ஓம், அங்க போங்க. நல்ல புள்ளயா அமையட்டும்!" என்று றுகையா கேற்றுவரை வந்து சந்தோசமாக வழியனுப்பினாள். உள்ளே வந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். மகளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பத்து நிமிடத்தில் அஹ்ஸன் கையில் ரோல்ஸ் பலகாரப் பார்சலோடு அரக்கப்பரக்க வந்தார்.

"எங்க, வந்தவங்க? போயிட்டாங்களா?"

"போயிட்டா. இனி இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டா. உங்கட மாப்பிள்ளயும் வேணாம், சம்பந்தமும் வேணாம்!"

"எந்த மாப்பிள்ள?" அஹ்ஸன் விழித்தார். "அவ அம்ஹாட கொம்பனி மெடம்தானே! நாலு வருசத்துக்குப் படிப்பிக்கிறதால ஊட்டுக்கும் வந்து விசாரிச்சிட்டுத்தான் எடுப்பாங்களாம். நானும் ரெண்டு நாளா அவங்களோட கதைச்சுப் பாத்தன், நல்ல எடந்தான். கத்தினவன் நானாச்சே, உன்னட்டச் செல்ல வெக்கமாயிரிந்திச்சு."

றுகையா கேற்றடியை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைக் கவனிக்காமல், ரோல்ஸைப் பிரித்தபடியே அஹ்ஸன் சொன்னார்: "என்ட வாயால ஏதும் பிழையா வந்து புள்ளட படிப்புக் கெட்டுப்போகும் எண்டுதான், நான் நிக்காம, அவட உம்மாட்டயே கேளுங்க எண்டு செல்லி அனுப்பினன்."