திரும்பிப் போகும் தட்டு

"வேகமா மிதிங்கண்ணே, விளக்கேத்துறதுக்குள்ள போயாகணும்!" காஜா பெராங் தெருமுனையில் மிதிவண்டித் திரிஷாவுக்குள் தாவி ஏறுகிறாள் லலிதாம்பாள். மடியில், துணி மூடிய பீங்கான் தட்டு.

"உஜோங் பாசிர் கரையில கிறிஸ்மஸ் எங்கயும் ஓடிடாதும்மா" என்று சிரிக்கிறார் திரிஷாக்கார மருதப்பன்.

மெர்டேக்கா சுதந்திரக் கொடிகள் இன்னும் இறங்காத கடைகளைத் தாண்டியதும் கடல்காற்று முகத்தில் ஈரமாகப் படிகிறது. அந்திச் சிவப்பில் வீடுகளில் தொங்கும் காகித நட்சத்திரங்கள் தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடுகின்றன. தீபாவளிக்குக் கேக்கோடு வந்த தட்டு இது. வெறுமையாகத் திருப்பக் கூடாது. திருப்பாமலே வைத்துக்கொண்டால் உறவு வேண்டாமென்று அர்த்தம். முறுக்கை அடுக்க இவளுக்கு இத்தனை நாளாகிவிட்டது. அனுப்பியவள் கதவைச் சாத்திவிட்டால்?

திரிஷா நின்ற வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற பெண் தட்டைப் பார்க்கிறாள். தீக்குச்சியை உதறிவிட்டு ஓடி வருகிறாள்.

"யாரும்மா அது?"

"என் பொண்ணுண்ணே. சர்ச்சுல நடந்த இவ கல்யாணத்துக்குக்கூட நான் வரலை."